ரெண்டு விரக்கடை கோணல்

ரெண்டு விரக்கடை, மக்களே! ஒண்ணில்ல, ரெண்டு! இந்தா பாரு, இந்த வெரலும் இந்த வெரலும் சேந்தா எவ்வளவு அகலமோ, அவ்வளவு கோணல். இவ்வளவுதானான்னு நீயும் சிரிக்காத. சோத்துல ரெண்டு கல்லு கெடந்தா, ரெண்டுதானேன்னு முழுங்கிருவியா? கம்பளம்னு ஒண்ணை நெய்தா, இடப்பக்கம் எவ்வளவு ஒயரமோ வலப்பக்கமும் அவ்வளவு ஒயரம் இருக்கணும். எனக்க தறியில இடப்பக்கம் மட்டும் மானத்தைப் பாத்து ஏறிகிட்டுப் போவுது. மோட்சத்துக்கு வழி கண்டுபிடிச்ச மாதிரி!

என்ன கண்டக்டர் தம்பி? ‘கொறச்சு நீங்ஙி இரிக்கணும்’ங்கியா? நீங்கிட்டேன் தம்பி. இனியும் நீங்கணும்னா ஜன்னலுக்கு வெளியிலதான் இருக்கணும்... பாத்தியா மக்களே, ஒரு சீட்டுல மூணு ஆளுன்னு எழுதி ஒட்டியிருக்கான். எழுதினவன் என்னையப் பாக்காம எழுதிட்டான்.

ஓ, மடியில பூக்கூடையா? அதான் பஸ்ஸு முழுக்க பிச்சி மணக்கு. தோவாளையா ஊரு? பேரென்ன? முத்துக்கனி. கொள்ளாம். எது வரைக்கும் போற? தக்கலைக்கா? கல்யாண வீட்டுக்குப் பூவா? நல்லது, நல்லது. தக்கலை வரைக்கும் நேரம் கெடக்கு. எனக்க பேரு செல்லபாய். கொட்டாரம். குலசேகரம் வரைக்கும் போறேன். எதுக்குன்னு கேக்கியா? பதிமுகம் வாங்க. செவப்புச் சாயத்துக்கு அந்த மரத்தைத்தான் செதுக்கிப் போட்டுக் காய்ச்சணும்... என்னது? கோட்டாத்துக் கடையிலயே கெடைக்குமா? கெடைக்கும். யாரு இல்லன்னா? ஆனா கடையில கெடைக்கப்பட்டது வேற, மலையோரத்துல போயி நாமளே பாத்து எடுக்கப்பட்டது வேற. அதுக்காகத்தான் போறேன். வேற ஒரு காரியமும் இல்ல. எனக்க தம்பி பொஞ்சாதிக்கு அங்க அம்மை வீடு இருக்கு. இருக்கட்டு. அது அவளுக்க வீடு. எனக்கென்ன?

கம்பளம்னா நீ என்ன நெனச்ச? போத்திகிட்டுப் படுக்கப்பட்ட கம்பளியா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கா. ‘இந்த வெக்கையில யாரு செல்லபாய் இதை வாங்குவா’ன்னு எனக்காக ரெம்ப வருத்தப்படுதா. தரையில விரிக்கது, மக்களே! கால் வச்சா புல்லுத்தரை மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல ஒரு மிஷன் துரைசானி வந்தா. அவளுக்க ஊருல தரை ஐஸ்கட்டி மாதிரி குளிருமாம். அந்தக் குளிரை நெனச்சுகிட்டு, வெறுங்காலோட நடந்தா கொப்புளம் வாற ஊருல வந்து, ஏழெட்டுப் பெண்ணுவளைக் கூட்டி வச்சு, ஆட்டு மயிருல கம்பளம் முடைய படிப்பிச்சா. எவ்வளவு தீர்க்கமான புத்தி! ஆனா சும்மா சொல்லப்படாது, கையைப் பிடிச்சுச் சொல்லித்தந்த வேலை சுத்தமான வேலை. அந்த ஏழெட்டுப் பேருல இப்பம் தறி வச்சிருக்கது நான் ஒருத்திதான்.

மயிரு கெழக்க இருந்து வரும். கரிசக்காட்டு ஆடு. மூட்டையைப் பிரிச்சா பாதி முள்ளு, கால்வாசி மண்ணு, மிச்சம் இருந்தா மயிரு. அதை அலசி, காயப்போட்டு, சிக்கெடுத்து, நூத்து, படிகாரத் தண்ணியில ஊறப்போட்டு, சாயம் முக்கி... அந்த ஆட்டுக்கே தன்னுடைய மயிருன்னு அடையாளம் தெரியாது. அதுக்கப்பொறவுதான் தறி. தறின்னா வேட்டி நெய்யப்பட்ட தறி மாதிரி குழியில கால வச்சு இருக்கது இல்ல. இது நிமிந்து நிக்கும், வாசல் நிலை மாதிரி. மேல இருந்து கீழ வரைக்கும் பாவு நூலு. அதுக்கு முன்னால ஒரு பலகை. பலகையில ரெண்டு பேரு.

ரெண்டு பேரு, கேட்டியா? அங்கதான் வினை.

பாவு நூலுல ஒவ்வொரு முடிச்சா கெட்டணும். கெட்டி, கத்தியால நுனியை அறுக்கணும். ஒரு வரிசை முடிச்சு கெட்டியாச்சுன்னா, குறுக்க ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பை எடுத்து, அவ அவ பக்கத்தை அவ அவ அடிச்சு இறுக்கணும். இறுக்குனா வரிசை அமுங்கி ஒக்காரும். நான் வலப்பக்கத்து ஓரத்துல இருந்து தொடங்குவேன். அவ, எனக்க தம்பி பொஞ்சாதி, இடப்பக்கத்து ஓரத்துல இருந்து தொடங்குவா. ரெண்டு பேரும் நடுவுல வந்து சேரணும். பாத்து நெய்யப்பட்ட படம் எனக்க பக்கம்தான் தொங்கும். நான் பாத்துச் சொல்லணும்: ‘கரும்பச்சை நாலு, செவப்பு ஒண்ணு, சந்தனம் ரெண்டு.’ அவ கெட்டி முடிச்சு ‘ஆச்சு’ன்னு சொல்லணும். அவளுக்கு வேற ஒரு பேச்சும் இல்ல. வலப்பக்கம் மூத்தவளுக்கு, இடப்பக்கம் எளையவளுக்கு. சொல்லுதவ வலத்துல, கேக்குதவ இடத்துல. பாவு ஓட்டுன அன்னைக்கு எவ எங்க இருந்தாளோ, கம்பளத்தை அறுத்து எறக்கப்பட்ட நாளு வரைக்கும் அங்கதான் இருக்கணும்.

நான் என்ன, பொறந்த அன்னைக்கே வலப்பக்கத்துல இருந்தேனா? துரைசானிகிட்ட எனக்கு முன்னாலயே படிச்ச அக்கா ஒருத்தி உண்டு, அவதான் என்னையத் தறியில பழக்குனா. அவ சொல்லச் சொல்ல, நான் ‘ஆச்சு, ஆச்சு’ன்னு சொல்லியே எனக்க எளமை போச்சு. கல்யாணம் ஆனப்பொறவும் ‘ஆச்சு’. கெட்டுனவரு காலமாயி, துட்டி முடிஞ்சு வந்து இருந்தப்பமும் ‘ஆச்சு’. அவளுக்குக் கண்ணு மங்கி, பச்சையைக் கறுப்புன்னு சொல்லத் தொடங்குனப்பொறவுதான் எனக்கு அந்தப் பக்கம் கெடச்சுது. சும்மா கெடச்ச எடம் இல்ல அது, பாத்துக்கோ.

இப்பம் வேலை யாருக்குன்னு கேளு. எங்க ஊருல புதுசா கோயிலு கெட்டியிருக்கு. எங்க வேதக்கோயிலு. அறுப்பின் பண்டிகை அன்னைக்குப் பிரதிஷ்டை. பிஷப் வாறாரு. சபை மூப்பரு ஜான்ரோஸ் வீட்டுக்கே வந்து, ‘செல்லபாய், பீடத்துக்கு முன்னால, மாப்பிளையும் பெண்ணும் முழங்கால் போடப்பட்ட எடத்துல விரிக்க ஒரு கம்பளம் வேணும். உங்க கைவேலையா இருக்கணும்’ன்னு சொன்னாரு. நல்ல மனுஷன். ஆனா அந்த நல்ல மனுஷன், கோயிலுக்குத் தரை என்ன போட்டாரு தெரியுமா? கறுப்பும் வெள்ளையுமா சதுரக் கல்லு! வரிசை வரிசையா, நூலு பிடிச்ச மாதிரி. கோணல் எங்க இருக்குன்னு காட்டிக்குடுக்கதுக்குன்னே செஞ்ச தரை. மண்ணு தரையில விரிச்சா ரெண்டு விரக்கடை இல்ல, ரெண்டு முழம் கோணுனாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தக் கல்லுல விரிச்சா, வெள்ளைக் கல்லு ஒரு பக்கம் முழுசாவும் மறுபக்கம் பாதியாவும் தெரியும். பிஷப்பு பிரசங்கம் பண்ண, சனங்க முழுக்க அந்தப் பாதிக் கல்லைப் பாத்துகிட்டு இருக்கும்.

கம்பளத்துக்கு என்ன படம்? நான் வரைஞ்ச படம்தான். கட்டம் போட்ட தாளுல, ஒரு கட்டம் ஒரு முடிச்சு. நடுவுல செவப்பு. சுத்தி கரையில திராச்சைக் கொடி. ரெண்டு பக்கத்துக் கொடியும் கீழ இருந்து ஏறி, மேல நடுவுல வந்து ஒண்ணோடொண்ணு பின்னிக்கிடணும். கண்ணுக்கு எப்படி இருக்கும், சொல்லு! திராச்சைக் கொடியை நான் நேர்ல கண்டதில்லதான். பழத்தைக் கண்டிருக்கேன், ஆசுபத்திரியில ஒரு சீக்காளிக்கு ஆரோ கொண்டு வந்த பொட்டலத்துல. அதுக்காக? இந்த ஊருல எவன் கண்டிருக்கான்? வரைஞ்சு முடிச்சு, பெருமையா விரிச்சுக் காட்டுதேன். எனக்க தம்பி பொஞ்சாதி, ஜெபகுமாரின்னு பேரு, தலையை இப்படிச் சரிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘மைனி, இது நல்லமொளவு கொடி மாதிரில்லா இருக்கு?’

நல்லமொளவு! ரசம் வைக்கப்பட்ட சாமானத்தைக் கொண்டுபோயி பீடத்துக்கு முன்னால படர விடுவேனாம்! அவளைச் சொல்லிக் குத்தமில்ல. குலசேகரத்துப் பெண்ணு. ரப்பர் மரத்தையும் அதுமேல ஏறுன மொளவு கொடியையும் விட்டா வேற என்னத்தக் கண்டா? பாலு ஒறைஞ்சு ஷீட்டாவதைப் பாத்துகிட்டே வளந்தவ. அந்த ஊருல எதை இழுத்தாலும் நீளும். கம்பளம் அப்படி இல்லன்னு அவளுக்கு நாம சொல்லிக்குடுக்கணும்.

சொல்லிக்குடுத்தேன். பொய் சொல்லப்படாது, சீக்கிரம் பிடிச்சுகிட்டா. வெரலு நல்ல வெரலு. முடிச்சு ஒண்ணு கூடப் பிசகாது. ஆனா சீப்பு அடிக்கது பாத்தா உனக்கு அழுகை வரும். தொட்டில்ல கெடக்க பிள்ளையைத் தட்டுத மாதிரி, பைய... பைய... அடியா அது? தாலாட்டு!

அப்படித்தான் கோணிச்சு. முதல்ல தெரியல. எலை எலையா கொடி ஏறிகிட்டு வருது. ஒருநாளு நான் கொறச்சு பின்னால தள்ளி நின்னு பாக்கேன்... இடப்பக்கத்து எலை மேல இருக்கு, வலப்பக்கத்து எலை கீழ இருக்கு. ஒரே சமயத்துல சொன்னது, ஒரே சமயத்துல கெட்டுனது! இப்படியே போனா ரெண்டு கொடியும் மேல போயி எங்க சேரும்? ஒண்ணு இவளுக்க ஊருக்குப் போவும், ஒண்ணு எனக்க ஊருக்குப் போவும். எனக்கு வந்த வெப்ராளத்துல நல்ல நாலு வார்த்தை கேட்டேன். ‘உனக்க பக்கம் ஏறிப்போச்சே, உனக்குக் கையில்லியா, சீப்புல பல்லில்லியா’ன்னு. அவ எழும்புனா. ஒரு நூலை எடுத்தா. ரெண்டு பக்கமும் பிடிச்சு அளந்தா. அளந்துட்டு, எனக்க மொகத்தைப் பாத்து, ‘மைனி, நான் ஒண்ணு சொல்லட்டா?’ன்னு கேட்டா.

அப்பம் என்ன சொன்னாங்கதை நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீயே அவளைப் பாத்து ‘இப்படியும் ஒரு பெண்ணா’ன்னு காறித் துப்புவ. பூவோட கல்யாண வீட்டுக்குப் போற பிள்ளை, வேண்டாம். எனக்க எடத்து மேலதான் அவளுக்குக் கண்ணு. அவ்வளவு தெரிஞ்சா போரும்.

நானும் சொன்னேன்: ‘உனக்க அம்மை வீட்டுல தறி கெடந்தா அங்க போயி வலப்பக்கம் இரு.’ சொன்னதுதான் தாமசம். மத்தியானம் சோறு வடிச்சு, கறி வச்சு, எல்லாருக்கும் வெளம்பி வச்சுட்டு, பொட்டியைத் தூக்கிகிட்டு பஸ்ஸு ஏறிட்டா. சண்டை போட்டுகிட்டுப் போறவ சட்டியை ஒடைச்சுட்டுப் போனா நாமளும் நாலு பேருகிட்ட சொல்லலாம். இவ பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுப் போறா! அதையும் குத்தமா சொல்ல முடியல.

எனக்க தம்பி இருக்கானே, யேசுரத்தினம், அவன் மனுஷனா, மரமா? பொஞ்சாதி போறா, அக்கா தறிக்கு முன்னால இருக்கா. இவன் கஞ்சிக் கும்பாவுக்குள்ள எதையோ தொலைச்ச மாதிரி தலையைக் கவுத்துகிட்டு இருக்கான். ‘ஏலே, நீ ஒரு வார்த்தை சொல்லப்படாதா’ன்னு கேட்டா, ‘ஆருகிட்ட?’ன்னு கேக்கான். ஆருகிட்ட! நல்ல கேள்வி. அன்னையிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு பப்படம் கூட கேக்கதில்ல.

போனா போறா, ஒத்தையில முடிச்சுகிடுவோம்னு நெனச்சேன். இன்னும் ஒரு முழம்தானே கெடக்கு! வலப்பக்கம் இருந்து ‘கரும்பச்சை நாலு’ன்னு சொல்லுவேன். கெட்டுவேன். எழும்பி, பலகையில அந்தப் பக்கம் நீங்கி, நானே கெட்டி, நானே ‘ஆச்சு’ன்னு சொல்லுவேன். திரும்ப இந்தப் பக்கம். பாதி நாளு நான் நெய்யல, பலகையைத் தொடைச்சேன். வெளிய இருந்து கேட்டவ, செல்லபாய்க்குப் பித்து பிடிச்சுட்டுன்னு கருதியிருப்பா.

பொறவு பக்கத்து வீட்டு சொர்ணம்மாளைக் கூப்பிட்டேன். அவ சந்தோஷமா வந்தா. வந்து இருந்து, வெத்தலையைப் போட்டு, ஒரு முடிச்சு கெட்ட, ஒரு கதை சொன்னா. நான் ‘செவப்பு ஒண்ணு’ங்கேன்; அவ ‘அந்தச் செவப்புச் சேலைக்காரி இல்லியா, அவளுக்க மாமியாரு...’ங்கா. சாயங்காலம் பாத்தா அவ கெட்டுன எடம் மட்டும் கோழி கிண்டுன மாதிரி இருக்கு. அத்தனையையும் பிரிச்சேன். ஒரு கம்பளத்துல மூணாவது கை பட்டா மறைக்க முடியாது மக்களே. தனியா ஒரு பட்டை மாதிரி தெரியும். தொடங்குன ரெண்டு கைதான் முடிக்கணும். இது நான் உண்டாக்குன சட்டம் இல்ல, கம்பளத்துக்க சட்டம்.

போன ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு ஜான்ரோஸ் மூப்பரு வந்து கேக்காரு: ‘செல்லபாய், முடிஞ்சிருமா? இல்லன்னா மெட்ராஸுல மில்லுக் கம்பளம் கெடைக்குமாம், எழுதிப் போடட்டா?’ எவ்வளவு மரியாதையாக் கேட்டாரு, பாரு. மில்லுக் கம்பளம்! எனக்க ஊருக் கோயிலுல, எனக்க கண்ணுக்கு முன்னால! அதுல முழங்கால் போடதுக்குப் பதிலா நான் வெறும் தரையில முழங்கால் போடுவேன். முடிஞ்சிரும்னு சொல்லிட்டேன். எப்படி முடியும்? அது மூப்பருக்குத் தெரியாண்டாம்.

என்ன கேக்க? நான் ஓங்கி அடிப்பேனான்னா? அடிப்பேன். அடிக்கதுக்குத்தானே சீப்பு! நல்ல கம்பளம்னா முதுகுப்பக்கம் நெகத்தால குத்துனா எறங்கப்படாது. இன்னொண்ணும் உண்டு. நான் கோவம் வந்தா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுத ஆளு இல்ல... அப்படிப் பாக்காத, நெசமாத்தான் சொல்லுதேன். வீட்டுல ஒரு மனஸ்தாபம்னா நான் பேசாம தறிக்கு முன்னால வந்து இருந்து, சீப்பை எடுத்து, ரெண்டு அடி கூட அடிப்பேன். அவ்வளவுதான். ஆருக்கும் ஒரு உபத்திரவம் இல்ல.

எனக்க பக்கத்துக் கொடியைப் பாத்தா எந்த எலை எந்த நாளுன்னு எனக்கு ஓர்மை உண்டு. மூணாவது எலை, அவ மீன்கறியில மாங்காய் போடாம புளியைக் கரைச்சு ஊத்துன நாளு. அதுக்கு மேல ஒரு மொட்டு, எனக்க தம்பி அவளுக்குச் சேலை எடுத்துட்டு வந்து, என்கிட்டக் காட்டாம உள்ள கொண்டு வச்ச நாளு. அந்த மொட்டு சப்பிப் போயிருக்கும், அவ்வளவு அமுக்கி அடிச்சிருக்கேன். அதுக்கும் மேல ஒரு பழக்கொலை. அது அவ பாட்டுப் படிச்சதுக்கு சபையில எல்லாரும் ‘ஜெபகுமாரிக்கு என்ன கொரலு’ன்னு சொன்னதுக்கு மறுநாளு. திராச்சைப் பழம் உருண்டையா இருக்கணும். அந்தக் கொலையில பழம் முழுக்க மொச்சைக் கொட்டை மாதிரி பரந்துகிட்டு இருக்கு...

எந்தப் பக்கம் கொறைஞ்சிருக்குன்னா?

வலப்பக்கம்.

ஆமா, வலப்பக்கம்தான் ரெண்டு விரக்கடை கொறைவு. இடப்பக்கம் கூடுதலு. அதைத்தானே நான் ஆதியில இருந்து சொல்லிகிட்டு வாறேன், அவளுக்க பக்கம் ஏறிப்போச்சுன்னு! கொறைஞ்சு இருக்கது செரியான பக்கம். ஏறி இருக்கது தப்பான பக்கம். இதுல என்ன சம்சயம் உனக்கு? ...இல்ல, நீ ஒண்ணும் சொல்லல. நீ சொன்னன்னு நான் சொல்லல. ஆனா பூவை ஒதுக்குத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, அதை நான் கண்டேன்.

படத்துல எலைக்கு எவ்வளவு ஒயரம்னு கேக்கியா? தோவாளைக்காரிக்குக் கேள்விக்குக் கொறவில்ல. அளந்து பாத்தோம். அளந்தது நானில்ல, அவதான், அந்த நூலை வச்சு. அவளுக்க பக்கத்து எலை... படத்துல எப்படியோ அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கென்ன? படம் வரைஞ்சது ஆரு? நான்தானே!

பைய அடிச்சா என்னன்னு நீ கேக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். அடிச்சுப் பாத்தாச்சு. நாலு வரிசை பைய அடிப்பேன். அஞ்சாவது வரிசைக்கு கை தன்னால ஓங்கிரும். இத்தனை வருஷத்துக் கை, இப்பம் போயி ‘நீ எளகு’ன்னா எளகுமா? கொறைஞ்ச பக்கத்துல மட்டும் கூட ஊடை ஓட்டி ஒயத்தலாம். செஞ்சா முன்பக்கம் வீங்கும், ஒட்டுப் போட்ட மாதிரி. கைகாரி செய்யப்பட்ட வேலையா அது?

ஒரே ஒரு வழி உண்டு. அது எனக்குத் தெரியாததில்ல. துரைசானி காலத்துலயே உண்டு. இறுக்கி அடிக்கவ ஏறுன பக்கம் போவணும். பைய அடிக்கவ கொறைஞ்ச பக்கம் வரணும். இன்னும் கெடக்க ஒரு முழத்துல இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் அமுங்கும், மேல போயி ரெண்டு கொடியும் கிட்டத்தட்ட சேந்துரும். அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒரு தறியில இது உள்ளதுதான். இருக்கப்பட்ட எடம் மாறக்கூடாதுன்னு நான் சொன்னனே, அதுக்கு இது ஒண்ணுதான் விலக்கு.

அதைத்தான் அவ சொன்னா.

ஆமா. அந்த நூலைக் கையில வச்சுகிட்டு, ‘மைனி, கொஞ்ச நாளைக்கு நாம எடம் மாறி இருப்போமா?’ன்னு கேட்டா. தன்மையாத்தான் கேட்டா. பல்லைக் கடிச்சுகிட்டுக் கேட்டிருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது! எடம் மாறுனா என்ன ஆவும்? படம் வலப்பக்கம் தொங்குது. வலப்பக்கம் இருக்கவதான் சொல்லணும். அப்பம் அவ சொல்லுவா, நான் கெட்டணும். நேத்து வந்தவ ‘மைனி, சந்தனம் ரெண்டு’ன்னு சொல்லுவா; நான் வரைஞ்ச படத்தை எனக்கே படிச்சுக் காட்டுவா; நான் ‘ஆச்சு’ன்னு சொல்லணும். திரும்பவும்! நீ சொல்லு, எவளாவது...

செரி, நீ சொல்லாண்டாம்.

அங்க வெள்ளைக்காரன் நாட்டை விட்டுட்டே போயிட்டான். ஒரு சபைக்காரன் வீட்டுல மறுசபைக்காரன் தண்ணி குடிக்க யோசிச்ச காலம் போயி, சபையெல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே திருச்சபைன்னு ஆயாச்சு. அவ்வளவு பெரிய பெரிய பாதிரி அய்யருமாரு எடத்தை விட்டுக்குடுத்து நீங்கி இருந்துட்டாங்க. கொட்டாரத்துல ஒரு பலகையில ரெண்டு பொம்பளைக்கு நீங்கி இருக்க முடியல!

...தக்கலை வந்துட்டா? இவ்வளவு சீக்கிரத்துலயா? நீ எறங்கணும் இல்லியா. அவசரப்படாத, கூட்டம் போன பொறவு எறங்கலாம், கூடை நசுங்கிரும். நாத்தனாரு கதை கேட்டு உனக்குக் காது வலிச்சிருக்கும். நான் இங்கயே இருக்கேன். குலசேகரம் போயி, பதிமுகத்தை வாங்கி, வழியில தற்செயலா அவ அம்மை வீடு கண்ணுல பட்டா...

மக்களே! குனி! தலையைத் தாத்து!

எதுக்கா? அந்தா, எதுத்தாப்புல வந்து நிக்கே, குலசேகரத்துல இருந்து வாற பஸ்ஸு. நடுச்சீட்டுல, நீலச்சேலை. பாத்திராத! ...பாரு, ஆனா பாக்காத மாதிரி பாரு. அவதான். ஜெபகுமாரி. எங்க போறா? நாகர்கோவில் பக்கம் போற பஸ்ஸுல்லா அது? ஆசுபத்திரிக்கா இருக்கும். இல்லன்னா துணிக்கடைக்கா இருக்கும். நம்ம வீட்டுக்கா வருவா? அவளுக்கு என்ன தலையெழுத்து?

கையை ஏன் அப்படித் தூக்கி வச்சிருக்கா? உனக்கு நல்ல கண்ணுதானே, வெரலைப் பாரு... துணியா? வெரல்ல துணி சுத்தியிருக்காளா? நல்லாப் பாத்துச் சொல்லு. ஆள்காட்டி வெரல்லயா?

மக்களே... அது பாவு நூலு வெரலை அறுக்காம இருக்கதுக்குச் சுத்தப்பட்ட துணி. தறிக்கு முன்னால போயி இருக்கப்பட்ட நேரத்துலதான் சுத்துவோம். இவ பஸ்ஸுலயே சுத்திகிட்டு வாறா. கிறுக்கச்சி! கொட்டாரம் வாற வரைக்கும் பொறுக்க முடியலியா?

அந்தத் தடிச்ச அம்மைகிட்ட வாய் ஓயாம என்னத்தையோ சொல்லிகிட்டு வாறா, பாரு. கையையும் ஆட்டுதா. இந்தா, ரெண்டு வெரலைச் சேத்துக் காட்டுதா! என்னையத்தான், வேற ஆரைச் சொல்லுவா! அந்த அம்மைக்க மொகத்தைப் பாரு. உனக்க மொகம் மாதிரியே இருக்கு.

இரு, இரு, யோசிக்க விடு. இந்த பஸ்ஸு போயிட்டுதுன்னா அவ அங்க போவா, நான் இங்க போவேன். அவ வீட்டுல போயி இருந்துகிட்டு, ‘மைனி எங்க’ன்னு கேப்பா. எனக்க தம்பி, என்னைக்கும் வாயைத் தொறக்காதவன், அன்னைக்குப் பாத்துத் தொறந்து, ‘உன்னையக் கூப்பிடத்தான் போயிருக்கா’ன்னு சொல்லிருவான். அது நடக்கப்படாது. ஒருக்காலும் நடக்கப்படாது. இப்பம் எறங்கி அதுல ஏறிட்டேன்னா, ஆரு ஆரைக் கூப்பிடப் போனான்னு ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

கண்டக்டர் தம்பி, விசில் ஊதாத! ஆளு எறங்கணும்! ஆமா, குலசேகரத்துக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். அதை நீயே வச்சுக்கோ, எனக்க எடத்துல ரெண்டு பேரை இருத்திக்கோ.

அங்க ஏறுனா எங்க இருக்க? அவளுக்கு அந்தப் பக்கம் தடிச்ச அம்மை. இந்தப் பக்கம் ஒரு எடம் காலியா கெடக்கு... அவளுக்கு இடப்பக்கமா அது? நான் நிக்க நெலைக்கு எனக்கு வலமா, அவளுக்கு... இடப்பக்கந்தான்.

வரும். வினைன்னா எல்லாம் சேந்துதான் வரும்.

செரி, கொட்டாரம் வரைக்கும் இருந்து பழகிகிடுவோம். எழும்பு மக்களே, கூடையைப் பிடி, வழி விடு... ஏட்டி ஜெபகுமாரி! ஏட்டி! அந்த எடத்துல ஆரையும் இருத்திராத!